செக்ரட்டரியின் முகம்

பக்தவத்சலத்தின் கைகள் புளிச்சகீரை ஆய்ந்துகொண்டிருந்தன. இடது கை காம்பைப் பிடித்துக்கொள்ள, வலது கை இலையைக் கிள்ளிக் கிள்ளித் தாம்பாளத்தில் போட்டது. வாய் வசனம் சொல்லியது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கனகவல்லி எழுதிக்கொண்டிருந்தாள்.

குஷாய்குடாவில் அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் இதுதான் வேலை. வாரா வாரம் தெலுங்கு டிவியில் வரும் நகைச்சுவைத் தொடர் ஒன்றை எழுதுகிறவரும் அவர்தான், அதில் முக்கிய வேஷம் கட்டுகிறவரும் அவர்தான். கை சும்மா இருந்தால் அவருக்கு யோசனை ஓடாது. கையில் பேனாவைக் கொடுத்தாலோ, யோசனை பேனா முனையிலேயே நின்றுவிடும். அதனால் கைக்குக் கீரை, வாய்க்கு வசனம், எழுதுவதற்குக் கனகவல்லி என்று ஏற்பாடு. வசனம் தெலுங்கு, எழுத்து தமிழ். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெலுங்கு பேச்சு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். தெலுங்கு எழுத்து பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் வரும். ஆரணியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த கனகவல்லிக்கு அதுவும் வராது. அவள் தமிழ் எழுத்தில் எழுதியதை அவர் படப்பிடிப்பில் வாய்விட்டுப் படிப்பார். உதவி இயக்குநர் கேட்டுத் தெலுங்கில் எழுதிக்கொள்வார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அவளுடைய சிரிப்பை அவர் நம்பமாட்டார். "பொண்டாட்டி சிரிப்புல பாதி சமாதானத்துக்குச் சிரிக்கறது" என்பார். அவர் பார்ப்பது அவள் கையை. எழுதுகிற கை தன்னை மறந்து நின்றுவிட்டால் அந்த வசனம் தேறியது. நிற்காமல் ஓடினால், "அடிச்சுடு அதை" என்பார். அடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள்.

அன்று நின்றது அவளுடைய கை இல்லை. காம்பில் இலை தீர்ந்துவிட்டது. வலது கை அடுத்த காம்புக்குப் போய்விட்டது. இடது கை மட்டும் வெறுங்காம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"காம்பைப் போடுங்க" என்றாள்.

அவர் கையைப் பார்த்தார். யாரோ பக்கத்து வீட்டுக்காரன் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு விரல் ஒவ்வொன்றாகப் பிரிந்து காம்பு விழுந்தது.

"மொதல்ல அந்த ஷூட்டிங் மூஞ்சியக் கழட்டி வெச்சுட்டு உக்காருங்க. காலையிலேருந்து அதையே மாட்டிக்கிட்டு இருக்கீங்க. பாக்க முடியல."

"கழட்டித்தாண்டி வெச்சிருக்கேன்" என்றார் பக்தவத்சலம்.

கனகவல்லி பேனாவை மூடிவைத்தாள்.

அந்த ஷூட்டிங் மூஞ்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆந்திரா முழுக்கத் தெரிந்த மூஞ்சி அது.

பக்தவத்சலத்தின் தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு வாலாஜாவிலிருந்து வந்து கன்டோன்மென்ட் ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்தவர். அப்பா ரயில்வே பார்சல் ஆபீஸ். இவர் குஷாய்குடா பக்கத்தில் இருந்த பெரிய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் சேர்ந்தார். செய்து வந்த பாகத்தைச் சரி, சரியில்லை என்று பிரித்துப் போடுகிற வேலை. தொழிற்சாலை மனமகிழ் மன்றத்தில் வருஷா வருஷம் நாடகம் போடுவார்கள். முதல் நாடகத்தில் அவருக்குப் போலீஸ்காரர் வேஷம். மேடை ஏறியதும் பயத்தில் வசனம் மறந்துபோய்விட்டது. மரம் மாதிரி நின்றார். எதிரே நின்ற திருடன் வேஷக்காரர் பதறிப்போய்ப் போலீஸ்காரரின் கேள்வியையும் தானே கேட்டு, பதிலையும் தானே சொல்லி, கடைசியில் தன்னைத்தானே கைது செய்துகொண்டு உள்ளே போனார். மன்றமே விழுந்து விழுந்து சிரித்தது.

"நான் ஒண்ணுமே பண்ணல கனகா. பண்ணாததுக்குச் சிரிச்சாங்க" என்று அன்று வீட்டுக்கு வந்து ஆச்சரியப்பட்டார். அதன் பிறகு அந்தப் பண்ணாமையைத்தான் அவர் பாடுபட்டுக் கற்றுக்கொண்டார். எப்போது அசையாமல் இருப்பது, எவ்வளவு நேரம் இருப்பது, எந்த இடத்தில் ஒரு சொல்லை விடுவது என்று.

தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு கொடுத்தபோது வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அந்தச் சமயம் ஊரே தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின. கொண்டாப்பூர், மியாப்பூர் என்று பாறைக்காடாகக் கிடந்த இடமெல்லாம் அடுக்குமாடிகள். ஒவ்வொரு அடுக்குமாடிக்கும் ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு செக்ரட்டரி, செக்ரட்டரிக்கு வாரம் முழுக்க வசவு. நகைச்சுவைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? மன்றத்து நாடகம் பார்க்க வந்திருந்த சாய்கிருஷ்ணா என்கிற இளைஞர் ஒரு புது சேனலில் இயக்குநர் ஆனார். வந்து, ஒரு தொடர் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். 2001இல் 'லிஃப்ட் பனி செய்யது' ஆரம்பித்தது. லிஃப்ட் வேலை செய்யாது என்று அர்த்தம்.

அதில் இவருக்குச் சாரி என்கிற செக்ரட்டரி வேஷம். சாம்பல் நிற சஃபாரி உடுப்பு, கையில் சாவிக்கொத்து. தண்ணீர் லாரி வரவில்லை என்று முதல் மாடி கத்தும். மேல்வீட்டு வாஷிங் மெஷின் தலையில் சுற்றுகிறது என்று இரண்டாம் மாடி அழும். சாஃப்ட்வேர் பையன்களின் நாய் வராண்டாவில் அசிங்கம் செய்துவிட்டது என்று மூன்றாம் மாடி சட்டையைப் பிடிக்கும். செக்ரட்டரி அசையமாட்டார். புருவம், உதடு, கன்னம் எதுவும் அசையாது. எல்லோரும் கத்தி ஓய்ந்து மூச்சு வாங்குகிற நேரத்தில், "மீட்டிங்லோ செப்தானு" என்பார். மீட்டிங்கில் சொல்கிறேன். அவ்வளவுதான். மீட்டிங் ஒருநாளும் நடக்காது.

பட்டான்செரு ஷேர் ஆட்டோவில் சில்லறை கேட்டால் டிரைவர்கள் "மீட்டிங்லோ செப்தானு" என்றார்கள். காலேஜ் வாத்தியார்கள் மார்க் கேட்ட பையன்களிடம் சொன்னார்கள். காய்கறிக்காரியிடம் கனகவல்லி விலை கேட்டால் அவள்கூடச் சொன்னாள்.

அந்த முகம் வீட்டில் இருந்ததே இல்லை என்பதுதான் கனகவல்லிக்கு மட்டும் தெரிந்த விஷயம். வீட்டில் அவருக்கு ரப்பர் முகம். மாமியார் மாதிரி உதட்டைச் சுழிப்பார், கீழ்வீட்டு ரெட்டி மாதிரி ஒரு புருவத்தை மட்டும் தூக்குவார், காப்பி சூடு போதாவிட்டால் வாயால் சொல்லாமல் மூக்கால் சொல்வார். அந்த முகம் எப்போது நின்றது என்று அவளால் தேதி சொல்ல முடியவில்லை. குழாய் சொட்டு நிற்பது போல நின்றிருந்தது. நின்ற பிறகுதான் சத்தம் இல்லை என்று தெரிந்தது.

செகந்திராபாத்தில் ஒரு நரம்பு மருத்துவரிடம் காட்டினார்கள். அவர் நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பார்க்கின்சன் என்றார்.

"நடுக்குவாதம்தானே டாக்டர் அது? எனக்கு நடுங்கவே இல்லையே" என்றார் பக்தவத்சலம்.

"சில பேருக்கு நடுக்கம் வராது. இறுக்கம்தான் வரும். முகமும் அப்படித்தான்."

"சரிதான். வியாதிகூட என்னை மாதிரியே அசையாம நிக்குது."

மருத்துவர் சிரித்தார். கனகவல்லி சிரிக்கவில்லை. அவள் மாமியாரைப் பக்கவாதத்தில் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டவள். புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டி, கடைசிவரை முதுகில் ஒரு புண் வராமல் அனுப்பிவைத்தவள். விழுங்குவது எப்படி இருக்கும் என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. இப்போதைக்குப் பரவாயில்லை, போகப் போகக் கவனமாக இருக்கவேண்டும், உதிர்கிற பண்டமும் தண்ணீரும் ஒன்றாகப் போனால் ஆபத்து என்றார் மருத்துவர்.

வெளியே வந்ததும் பக்தவத்சலம் சொன்னார்: "யாருக்கும் சொல்லக் கூடாது."

"சாஹித்யாவுக்கு?"

"நக்கோ. அவளுக்கும் வேண்டாம்."

"பெத்த பொண்ணுங்க."

"பெத்த பொண்ணுதான். அவ ஆபீஸ்ல சொல்லுவா, அவங்க வீட்ல சொல்லுவாங்க. அப்புறம் நான் ஸ்கிரீன்ல வந்து நின்னா, பாவம் இந்த மனுஷனுக்கு வியாதியாம்பான். பாவம்னு சொன்ன வாய் அப்புறம் சிரிக்காது கனகா. எதுக்கு அவங்களுக்கெல்லாம் சொல்லணும்? சொல்லு."

அவள் யோசித்தாள். தொழிற்சாலையை விட்ட மனுஷன் இதையும் விட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். உட்கார்ந்தால் இன்னும் சீக்கிரம் இறுகுவார். "சரி. சொல்லல. ஆனா ஷூட்டிங்குக்கு நானும் வருவேன்" என்றாள்.

நாச்சாரத்தில் பழைய ஃபாக்டரி கொட்டகை ஒன்றைப் படப்பிடிப்புத் தளமாக மாற்றியிருந்தார்கள். கனகவல்லி டிஃபன் கேரியரோடு போய் ஓரமாக உட்கார்ந்தாள். மாத்திரை போட்டுச் சற்று நேரம் கழித்து உடம்பு இளகும். அந்த இளக்கம் தீர்வதற்குள் காட்சி எடுத்தாகவேண்டும். கேட்டவர்களிடம் சர்க்கரை வியாதி என்று சொல்லி மாத்திரை கொடுத்தாள். வாசற்படி வந்தால் அவருக்குக் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். அப்போது அவள் அவர் காலுக்குக் குறுக்கே தன் பாதத்தை நீட்டுவாள். தாண்டுவதற்கு ஒன்று கிடைத்ததும் கால் தானாகக் கிளம்பிவிடும். லைட் பையன்கள் இதைப் பார்த்துவிட்டு, "ஆண்டி சாருக்குக் கால் தட்டி விடறாங்க" என்று சிரித்தார்கள். புதிதாக வந்த நடிகைமேல் சந்தேகப்பட்டுத்தான் ஆண்டி காவலுக்கு வருகிறாள் என்றும் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டாள்.

பயந்தது ஒன்று, நடந்தது வேறு. தொடருக்கு முன்னைவிடப் பெயர் வந்தது. 'சாரி காரு நடிப்பு எங்கேயோ போய்விட்டது' என்றார்கள். முன்பெல்லாம் காட்சி முடிவில் கண்ணோரம் ஒரு சிரிப்பு தப்பிவிடும், இப்போது அதுவும் இல்லை, கல்லில் செதுக்கியது போல இருக்கிறது என்று எழுதினார்கள். ஒரு கலைச் சங்கம் கூப்பிட்டு விருது கொடுத்தது. முகத்தில் ஒரு தசைகூட அசையாமல் கோடிப் பேரைச் சிரிக்க வைத்தவர் என்று மேடையில் வாசித்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கீழே உட்கார்ந்திருந்த கனகவல்லிக்கு, நோட்டீஸ் ஒட்டி அம்பலப்படுத்துவது போல இருந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, ஒருத்தருக்கும் தெரியவில்லை.

சாஹித்யாவுக்கும் தெரியவில்லை. மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, கொண்டாப்பூரில் தோழிகளோடு வாடகை வீடு. சனிக்கிழமை வந்து ஞாயிறு போவாள். ஒருநாள் குதித்துக்கொண்டு வந்து அப்பாவிடம் புரமோஷன் என்றாள். அவர் பார்த்தார். "நல்லதும்மா" என்றார். குரல் பக்கத்தில் இருக்கிறவருக்குக்கூட எட்டவில்லை.

அவள் சமையலறைக்கு வந்து அம்மாவிடம் பொரிந்து தள்ளினாள். "வாட் இஸ் திஸ்மா? ஊருக்கெல்லாம் காமெடி. என்கிட்ட மட்டும் ஸ்டோன் ஃபேஸா? நேனேமன்னா, நான் என்ன அசோசியேஷன் மெம்பரா?"

"வேலை அதிகம்டி அவருக்கு."

"எனக்கும்தான் வேலை அதிகம்."

பிறகு சனிக்கிழமைகள் மாதத்துக்கு ஒன்று ஆயின. அதையும் அவர் முகத்தில் காட்டவில்லை. காட்டவும் முடியாது. இரவு படுக்கும்போது, "குழந்தை இந்த வாரமும் வரலயா?" என்று மட்டும் கேட்பார். சொல்லிவிடட்டுமா என்று கனகவல்லி கேட்டால், "நக்கோ" என்பார். பெண்ணை விட்டுக்கொடுத்தும் சிரிப்பைக் காப்பாற்றுகிற மனுஷனை என்ன செய்வது? அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் கொடுத்த வாக்கு.

2010இல் தொடருக்குப் பத்தாவது வருஷம். சேனல்காரர்கள் பெரிய அரங்கம் பிடித்து, ரசிகர்களை உட்காரவைத்து, நேரடி ஒளிபரப்பு என்று அறிவித்தார்கள். சாய்கிருஷ்ணா வீட்டுக்கு வந்தார். அவருக்குத் தெலுங்குதான், தமிழும் கலந்து பேசுவார்.

"சார், சமோசா மீட்டிங் ஒருதடவை பண்ணிரலாம். ஜனம் அதைத்தான் கேக்கறாங்க."

சமோசா மீட்டிங் பழைய காட்சி. பெயர்தான் மீட்டிங், மெம்பர்கள் தாங்களாகவே வந்து சூழ்ந்துகொள்வதுதான். சுற்றிலும் எல்லோரும் அடித்துக்கொள்ள, செக்ரட்டரி நடுவில் உட்கார்ந்து ஒரு சமோசாவை நிதானமாகத் தின்று முடிப்பார். கனகவல்லி காப்பி டம்ளரைச் சத்தமாக மேசையில் வைத்தாள். "சமோசா வேண்டாம். அவருக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது. டாக்டர் சொல்லியிருக்கார்."

"ஒக்க கடி ஆண்டி. ஒரே கடி."

"கடிக்கற மாதிரி பண்ணிடறேன் சாய்" என்றார் பக்தவத்சலம்.

அவர் போன பிறகு கனகவல்லி பிடித்துக்கொண்டாள். "வாயில போடக் கூடாது. சத்தியமா?"

"கையிலயே வெச்சிருப்பேன். போதுமா?"

நிகழ்ச்சி நாளில் எல்லாம் தாமதமாயிற்று. முதலில் விளக்கு வேலை செய்யவில்லை. பிறகு வரவேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. வந்ததும் நெடுநேரம் பேசினார். சரியாகக் கணக்குப் பண்ணிக் கொடுத்த மாத்திரையின் வேகம் மேடைக்குப் பின்னால் நாற்காலியிலேயே தீர்ந்தது. அடுத்த மாத்திரை கொடுத்தாள். அது ஏறுவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். மேடைப்படியில் கால் ஒட்டிக்கொண்டது. பாதத்தைக் குறுக்கே நீட்டினாள். அவர் தாண்டினார். திரை விலகியபோது செக்ரட்டரி நடு நாற்காலியில் இருந்தார். அரங்கம் எழுந்து நின்று கத்தியது.

கனகவல்லி மேடை ஓரத்துத் திரைக்குப் பின்னால் நின்றாள். முன்வரிசையில் சாஹித்யா தோழிகளோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அனுமதிச்சீட்டை அவள் அப்பாவிடம் கேட்காமல் சேனலிலேயே வாங்கியிருந்தாள்.

சண்டை ஆரம்பித்தது. முதல் மாடி கத்தியது, இரண்டாம் மாடி அழுதது. செக்ரட்டரி இடது கையால் சமோசாவை எடுத்து வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார். கடிப்பது போலச் செய்தார். ஜனங்கள் லேசாகச் சிரித்தார்கள். மறுபடி செய்தார். சிரிப்பு இன்னும் குறைந்தது. பொய்க்கடி என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அவருக்கு அது தாங்காது என்று கனகவல்லிக்குத் தெரியும். வேண்டாம், வேண்டாம் என்று திரைக்குப் பின்னால் கையை ஆட்டினாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உண்மையாகவே கடித்தார், பெரிய துண்டு. கைதட்டல் கொட்டியது.

மென்றார். தாடை இரண்டு முறை அசைந்து நின்றது. இருமல் வரவில்லை. இருமல் வந்திருந்தால் பரவாயில்லை, காற்றுப் போகிறது என்று அர்த்தம். சத்தமே இல்லை. முகம் மெதுவாகச் சிவந்தது, பிறகு சிவப்பும் மாறியது. ஒரு கோடுகூட அசையவில்லை. இரண்டாம் மாடி வேஷக்காரி வசனத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். முகம் சிவக்கிறது, ஆனால் அசையவில்லை! இப்படி ஒரு நடிப்பை யார் பார்த்திருக்கிறார்கள்? அரங்கம் அலறியது. முன்வரிசையில் சாஹித்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தோழியின் தோளில் சாய்ந்தாள். திரைக்குப் பின்னால் சாய்கிருஷ்ணா, "குளோஸ்! மூஞ்சிக்கு குளோஸ் போ!" என்று கேமராக்காரரிடம் கத்தினார்.

கனகவல்லி முகத்தைப் பார்க்கவில்லை. அதில் பார்க்க ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கையைப் பார்த்தாள். மேசைமேல் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்த வலது கை நின்றுவிட்டது.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்குள் நடந்தாள். புது வேஷம் என்று ஜனங்கள் கைதட்டினார்கள். அவள் அவர் மார்பை ஒரு கையால் தாங்கி, தலை தாழ முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஓங்கி அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் அரங்கம் "ஓ" என்றது. யாரோ விசில் அடித்தார்கள். நாலாவது அடியில் துண்டு வெளியே வந்து விழுந்தது. அதை முந்தானையில் எடுத்துக்கொண்டாள். அவர் மூச்சை இழுத்த சத்தம் மைக்கில் பெரிதாகக் கேட்டது. உதட்டில் ரத்தம் திரும்ப ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் காற்றோடு காற்றாகச் சொன்னார்:

"மீட்டிங்லோ... செப்தானு."

கூரை பிய்த்துக்கொண்டு போனது. திரையை இழுத்துவிட்டார்கள்.

அலங்கார அறைக்குள் சாய்கிருஷ்ணா ஓடிவந்தார். "ஆண்டீ! உங்க என்ட்ரி சூப்பர்! எனக்குக்கூடச் சொல்லாம ரெண்டு பேரும் ரிகர்சல் பண்ணியிருக்கீங்க! பத்து வருஷத்துல இந்த மாதிரி சிரிப்பு வந்ததே இல்ல!" பதில் கேட்க நிற்காமல் விருந்தாளிகளை அனுப்பிவைக்க ஓடினார்.

பின்னாலேயே சாஹித்யா வந்தாள். சிரித்த கண்ணீர் இன்னும் கன்னத்தில் இருந்தது. "அம்மா, நுவ்வு கூடானா? நீயும் ஆக்டிங்கா?" என்று ஆரம்பித்தவள் நின்றாள். அப்பா நாற்காலியில் சரிந்திருந்தார். சஃபாரி பொத்தான்களை அவிழ்த்துவிட்டு அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அம்மாவின் முந்தானையில் எச்சிலோடு ஒரு சமோசாத் துண்டு.

"ஏன்டம்மா இதி? என்ன இது?"

கனகவல்லி கணவனைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அது போதும் என்று எடுத்துக்கொண்டாள். "அப்பாவுக்குப் பார்க்கின்சன். ரெண்டு வருஷமா. முகம் அசையாதது நடிப்பு இல்ல. இப்ப தொண்டையில அடைச்சுக்கிச்சு, எடுத்துட்டேன். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அவர்தான் சொன்னார். உனக்கு நான் சொல்லியிருக்கணும்."

சாஹித்யா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நான் சிரிச்சேன்மா. எல்லாரோடயும் சேந்து... அவ்ளோ சிரிச்சேன்."

"தெரியாமத்தானே சிரிச்ச."

"அப்பா. புரமோஷன்னு சொன்னப்ப..."

"உள்ள சிரிச்சேன்டி" என்றார் பக்தவத்சலம். "வெளிய வரல."

அவள் உதடு கோணியது. "அழறத வீட்ல வெச்சுக்கலாம்" என்றாள் கனகவல்லி. "அந்த டிஃபன் கேரியரை எடு. அந்தப் பக்கம் தோளைப் புடி. காலுக்குக் குறுக்க உன் காலை வை. தட்டி விடாத, தாண்டறதுக்கு."

சாஹித்யாதான் காரை ஓட்டினாள். கார் தார்நாக்கா தாண்டியது.

"சிரிப்பு எப்படி இருந்துது?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டார் பக்தவத்சலம்.

கனகவல்லிக்கு அவரிடம் பொய் சொல்ல வராது. "பெருசா இருந்துது."

"எப்பவும் வர்றதை விடவா?"

"ஹவ். ஆமா."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அது என்னோடது இல்ல கனகா. நான் எழுதாத சிரிப்பு. மன்றத்துல மொத நாள் வந்துதே, அந்த மாதிரி. அன்னிக்காவது பயந்துதான் நின்னேன். இன்னிக்குச் செத்துக்கிட்டு இருந்தேன். அவங்களுக்கு வித்தியாசம் தெரியல."

"தெரியலன்னா அவங்களைக் குத்தம் சொல்லாதீங்க. சொன்னாத்தானே தெரியும்?"

"சொன்னா பாவம்பான்."

"சொல்லட்டுமே. பாவம்னு சொல்றவன் முதுகுல அடிக்கவாவது வருவான். சிரிக்கறவன் வரமாட்டான்."

வீடு வந்து இறங்கும்போது, "என்னமோ பண்ணு" என்றார்.

மறுநாள் காலையில் கனகவல்லி அவருக்கு மாத்திரை கொடுத்தாள். புரையேறாமல் இருக்கக் காப்பியில் கேழ்வரகுக் கஞ்சியைக் கலந்து கெட்டியாக்கி, நாடியை மார்போடு சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஸ்பூனால் ஊட்டினாள். கெட்டிக் காப்பி அவருக்குப் பிடிக்கவில்லை. மூக்கால் சொல்ல முடியாததால் வாயால் சொன்னார். "பிடிக்கலன்னா பிடிக்கல. குடிங்க" என்றாள்.

போன் அடித்தது. சாய்கிருஷ்ணா. ஆபீசுக்கு ராத்திரியிலிருந்து போன் ஓயவில்லை, அடுத்த வாரத்திலிருந்து ஆண்டி நிரந்தர வேஷம், வாராவாரம் கடைசியில் வந்து சாரை முதுகில் அடிக்கவேண்டும் என்றார். கனகவல்லி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். தனக்குத் தெரிந்த தெலுங்கில், சுற்றி வளைக்காமல், வியாதியின் பெயரையும் நேற்று நடந்தது என்ன என்பதையும் சொன்னாள்.

"அய்யோ... பாபம்" என்றது போன்.

பக்தவத்சலம் மனைவியைப் பார்த்தார். சொன்னேனா இல்லையா என்பதை அந்த முகம் காட்டவில்லை. ஆனாலும் அவளுக்குக் கேட்டது.

"பாபம் வேணாம் சாய்" என்றாள். "மேடைக்குப் படி வேணாம், சரிவுப் பலகை போடு. ஷூட்டிங் காலையிலதான், நான் சொல்ற நேரத்துல. வாயில எதையும் வைக்கற சீன் எழுதக் கூடாது, கேக்கவும் கூடாது. சட்டையில மைக்கை இன்னும் மேல குத்து, குரல் சின்னதாயிடுச்சு. லைட் பையன்ல ஒருத்தனை அனுப்பு, முதுகுல எப்படித் தட்டறதுன்னு சொல்லித் தரேன்."

சாய்கிருஷ்ணா தொண்டையைச் செருமினார். "சரே ஆண்டி. எல்லாம் பண்ணிடறேன். கானி... ஆனா, தெரிஞ்ச பிறகு ஜனம் சிரிப்பாங்களா?"

"அது அவர் வேலை. அவரைக் கேளு."

போன் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. பக்தவத்சலம் கீரைக்கட்டை இழுக்கப் பார்த்தார். ஆபீசுக்கு லீவு சொல்லியிருந்த சாஹித்யா எதிரே உட்கார்ந்து காம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் வலது கையால் இலையைக் கிள்ளினார், ஒன்று, இன்னொன்று. கனகவல்லி ஸ்பூனைக் கழுவி வைத்துவிட்டுப் பேனாவோடு வந்து உட்கார்ந்தாள்.

"எழுதிக்கோ" என்றார். "செக்ரட்டரி மொத தடவையா மீட்டிங் கூட்டறாரு. எல்லாரும் வந்து உக்காந்தாச்சு. செக்ரட்டரி எழுந்து, மெம்பர்களே, எனக்கு உடம்பு சரியில்லங்கறாரு."

எழுதினாள். கை நிற்கவில்லை.

"அடிச்சுடு. மெம்பர்களே, என் மூஞ்சி இனிமே அசையாது, மன்னிக்கணும்."

எழுதினாள். நிற்கவில்லை. போனில் சாய்கிருஷ்ணா மூச்சு விடுவது கேட்டது.

"அதையும் அடி." இன்னொரு இலையைக் கிள்ளினார். கிள்ளியதைப் போடாமல் வைத்துக்கொண்டிருந்தார். "மெம்பர்களுக்கு அறிவிப்பு. லிஃப்ட் ரிப்பேர். செக்ரட்டரி மூஞ்சியும் ரிப்பேர். ரெண்டுக்கும் ஸ்பேர் பார்ட் வரல. லிஃப்டுக்கு மாடிப்படி இருக்கு, ஏறிக்கலாம். மூஞ்சிக்கு என்ன வழின்னு தெரிஞ்சவங்க கை தூக்குங்க. ஒருத்தரும் தூக்கல. சரி, அடுத்த விஷயம். தண்ணி லாரி."

கனகவல்லியின் கை நின்றது.

அவர் அதைப் பார்த்துவிட்டு, இலையைத் தாம்பாளத்தில் போட்டு, அடுத்ததைக் கிள்ளினார்.